கடை சிசியில் கட்டிய காலேஜ் ஃபீஸ்

கேள்வி: என் கணவர் காரைக்குடியில் 22 வருடமாகப் பெயின்ட், ஹார்டுவேர் கடை நடத்துகிறார். மாதம் சுமார் 6 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறோம். வங்கியில் 15 லட்சம் சிசி (சரக்கு வாங்க எடுத்துப் போடும் கேஷ் கிரெடிட் கடன்) லிமிட், வட்டி 10.5 சதவீதம். பையன் பி.காம். முடித்துவிட்டு, போன வருடம் பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ தொழில்முனைவுப் பிரிவில் சேர்ந்தான். ஹாஸ்டலோடு வருடம் 6 லட்சம். முதல் வருடப் பணத்தைச் சிசியிலிருந்துதான் கட்டினோம். நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் கைமாற்றாக 2 லட்சமும் அதிலிருந்தே போனது. இப்போது 14.7 லட்சத்தில் நிற்கிறது. முன்பு கம்பெனிக்கு உடனே பணம் போட்டு 3 சதவீதம் கேஷ் டிஸ்கவுன்ட் வாங்குவோம். இப்போது கடைசித் தேதி வரை இழுக்கிறோம். ஜூலையில் அடுத்த ஃபீஸ். 28 பவுன் இருக்கிறது, அதை வைத்துக் கட்டு என்கிறார் நாத்தனார். லிமிட்டை 20 லட்சமாக்கிக்கொள்ளலாம், பொங்கல் சீசனில் சரியாகிவிடும் என்கிறார் கணவர். இதற்கு நடுவில் துபாய்க்குப் பத்து நாள் 'குளோபல் இமர்ஷன்' பயணம் என்று காலேஜில் 1.9 லட்சம் கேட்கிறார்கள். சின்னவளும் எம்பிஏ படிக்க ஆசைப்படுகிறாள். என்ன செய்வது?

பதில்: அம்மா, எம்பிஏ தேவையா இல்லையா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை. பாதிக் கிணறு தாண்டியாயிற்று, பையன் முடிக்கட்டும். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, "முன்பு வாங்குவோம்" என்று, அந்த 3 சதவீதம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது.

கணக்கைப் பாருங்கள். ஃபீஸும் கைமாற்றுமாகச் சிசியிலிருந்து வெளியே போனது 8 லட்சம். அதற்கு 10.5 சதவீதம் வட்டி, மாதம் 7,000 ரூபாய். உங்கள் கணவர் இதை மட்டும்தான் செலவாக நினைக்கிறார். ஆனால் 6 லட்சம் கொள்முதலில் 3 சதவீதம் தள்ளுபடி போனால் மாதம் 18,000 போகிறது. இரண்டும் சேர்ந்து 25,000. வருடத்துக்கு 3 லட்சம். எட்டு லட்சத்துக்கு 3 லட்சம் என்றால் வட்டி 37 சதவீதத்துக்கு மேல்! கந்துவட்டிக்காரரிடம் இந்த வட்டிக்கு நீங்கள் வாங்கியிருப்பீர்களா? பெயின்ட் வியாபாரத்தில் லாபமே அந்தத் தள்ளுபடியில்தான் பெரும்பாலும் ஒட்டியிருக்கிறது. எம்ஆர்பிக்குக் கீழே விற்றுப் போட்டியைச் சமாளிப்பவருக்கு இது நன்றாகத் தெரியும்.

சிசி என்பது சரக்குக்கான பணம். பெயின்ட் வாளி உள்ளே வரும், விற்கும், பணம் திரும்பும். காலேஜ் ஃபீஸ் அப்படித் திரும்பாது. அது எடுத்த இடத்தில் பள்ளமாக நிற்கும். பள்ளம் விழுந்தால் ரேக்கில் சரக்கு குறையும். சரக்கு குறைந்தால், மாதா மாதம் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்படி (சரக்கு இருப்புக் கணக்கு) எடுக்கக்கூடிய தொகையும் குறையும். பொதுவாகச் சரக்கு மதிப்பில் கால் பங்கை மார்ஜினாகக் கழித்துவிட்டுத்தான் வங்கி கணக்குப் போடும். அந்த அளவுக்கு மேலேயே கணக்கு 90 நாள் தொடர்ந்து நின்றால் வாராக்கடன். இதற்குப் பயந்து, ரேக்கில் இல்லாத 20 லிட்டர் எமல்ஷன் வாளிகளை ஸ்டேட்மென்ட்டில் எழுதிக் கொடுத்த கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி வாளிகளை எண்ணிப் பார்த்தபோது அவர்கள் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நிலை வரவே கூடாது. ஆகவே லிமிட்டை 20 ஆக்கும் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். கூடுகிற 5 லட்சமும் ஃபீஸாகத்தான் போகும்.

இரண்டாம் வருடத்துக்குக் கல்விக் கடன் எடுங்கள். வித்யா லக்ஷ்மி தளத்தில் பையன் பெயரில் விண்ணப்பிக்கலாம், பெற்றோர் கூட்டுக் கடன்தாரர். 7.5 லட்சம் வரை பொதுத்துறை வங்கிகள் சொத்து ஈடு கேட்பதில்லை. 4 லட்சத்துக்கு மேல் போவதால் 5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய், நீங்கள் போட வேண்டும், கடன் 5.7 லட்சம். அதே 10.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாத வட்டி 5,000. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் இந்த 5,000-ஐ மாதா மாதம் கட்டிவிடுங்கள். அப்புறம் பத்து வருடத்துக்குத் தவணை சுமார் 7,700. அதைப் பையன் கட்டட்டும். ஒரு விஷயம்: இந்தக் கடனுக்கு அப்பாவின் சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டியதைக் காட்டும் மதிப்பெண்) பார்ப்பார்கள். சிசி கணக்கு ஒழுங்காக இருக்கும்போதே போய் நில்லுங்கள்.

நகைக்கு வருகிறேன். நாத்தனார் சொல்வதுபோல் ஃபீஸுக்கு வைக்காதீர்கள். கடைக்கு வையுங்கள். நகையை வைக்கச் சொல்லி நான் எழுதுவது அரிது. இங்கே கணக்கு அப்படி. 28 பவுனில் ஒரு பகுதியை வைத்து 6 லட்சத்துக்கு, மாதத் தவணை முறையில் மூன்று வருட நகைக் கடன் வாங்கி, முழுவதையும் சிசியில் போடுங்கள். 9.5 சதவீதத்தில் தவணை சுமார் 19,200 வரும். சிசி வட்டியில் 5,250 மிச்சம், திரும்பக் கிடைக்கும் தள்ளுபடி 18,000, ஆக 23,250. தவணை போகவும் கொஞ்சம் நிற்கும். வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக் கடன் வேண்டாம், அது வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பதில்தான் முடியும்.

இது பலிக்க ஒரே நிபந்தனை, சிசியிலிருந்து வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது. கணவர் மாதம் ஒன்றாம் தேதி ஒரு நிலையான தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்குக்குச் சம்பளமாக மாற்றட்டும். மளிகை, மொய், சீர் எல்லாம் அதற்குள். அதில் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

துபாய் பயணம் வேண்டாம். பத்து நாள் பஸ்ஸில் கண்காட்சி பார்த்து வாங்கி வரும் சான்றிதழைக் காட்டி எந்த வங்கியிலும் கடன் வாங்க முடியாது. பையன் சொந்தத் தொழில் தொடங்கத்தான் போகிறான் என்றால் புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தைப் படிக்கச் சொல்லுங்கள். உற்பத்திக்கும் சேவைத் தொழிலுக்கும் திட்டச் செலவில் 25 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம், பொதுப் பிரிவினர் கையிலிருந்து போட வேண்டியது 10 சதவீதம். அதற்கு எம்பிஏ கேட்பதில்லை. பட்டமோ டிப்ளமோவோ ஐடிஐயோ போதும். துபாய்க்குக் கேட்கும் 1.9 லட்சம், 19 லட்ச ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு அவன் கைப்பணம். கடை வியாபாரத்துக்கு மட்டும் இது கிடைக்காது.

இந்த விடுமுறையில் அவனைக் கடையில் உட்கார வையுங்கள். நடைமுறை மூலதனம் பற்றி முதல் வருடத்திலேயே படித்திருப்பான். எந்த ஷேடு எத்தனை நாள் ரேக்கில் தூங்குகிறது, எந்த கான்ட்ராக்டர் எத்தனை நாள் பாக்கி வைக்கிறார் என்று நோட்டுப் போட்டு எடுத்தாலே அவன் புராஜெக்ட் தயார். சின்னவள் எம்பிஏ நுழைவுத் தேர்வான டான்செட் எழுதட்டும். அரசுக் கல்லூரிகளில் ஃபீஸ் இதில் சிறு பங்குதான். உங்கள் ஊர் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே எம்பிஏ இருக்கிறது.

அந்த 2 லட்சத்தை உங்கள் கணவர்தான் தன் அக்காவிடம் கேட்க வேண்டும், நீங்கள் கேட்காதீர்கள். மாதம் 10,000 வீதம் இருபது மாதம், நேராகச் சிசி கணக்குக்கே அனுப்பும்படி கணக்கு எண்ணையும் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கல்விக் கடன் விண்ணப்பம் முடிய நாளாகும். ஜூலைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே மதிப்பெண் பட்டியலோடு வங்கிக்குப் போங்கள்.