நகையை அடகு வைத்துப் பசுமைக்குடில் போடலாமா?

கேள்வி: நாங்கள் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். மாதம் 35,000 ரூபாய் அனுப்புகிறார். வீட்டில் நான், மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் விளை சும்மா கிடக்கிறது. மழைக்காலத்தில் என்ன செடி வைத்தாலும் அழுகிப்போகிறது. கடையில் வாங்கும் காயில் எவ்வளவு மருந்து அடித்திருக்கிறார்களோ என்ற பயமும் இருக்கிறது. 300 சதுர அடியில் பசுமைக்குடில் போட்டுத்தர ஒரு நிறுவனம் 1,40,000 ரூபாய் கேட்கிறது. பாதி மானியமாகத் திரும்பி வரும் என்கிறார்கள். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். சேமிப்பு 40,000 ரூபாய் இருக்கிறது. மீதிக்கு நகையை வங்கியில் வைத்து ஒரு லட்சம் வாங்கலாம் என்று நினைக்கிறேன். காய்கறிக்கு மாதம் 2,800 ரூபாய் ஆகிறது. அது மிச்சமாகும், மிஞ்சியதை விற்கவும் செய்யலாம். இது நல்ல முதலீடுதானே?
வாசகி, தக்கலை

பதில்: நகையை அடகு வைக்க வேண்டாம், சகோதரி. 1,40,000 ரூபாய்க்கு இந்தக் குடிலும் வேண்டாம். ஆனால் காய்கறி வளர்க்கும் ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. அதை 15,000 ரூபாய்க்குள் நடத்தலாம், அதுவும் கடன் இல்லாமல்.

முதலில் அந்த 2,800 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். மொத்தமும் மிச்சமாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதக் கடைச் சீட்டுகளை எடுத்து வைத்துப் பாருங்கள். சவாளா (பெரிய வெங்காயம்), சின்ன வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், இஞ்சி, பூண்டு, இதெல்லாம் குடில் போட்டாலும் கடையில்தான் வாங்குவீர்கள். என் கணிப்பில் பாதிப் பணம் இவற்றுக்கே போகும். வீட்டில் விளையக்கூடியவை தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, பயறு, பாகல், வெள்ளரி, கீரை. இவற்றுக்கு 1,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லா மாதமும் எல்லாமும் காய்க்காது. ஒரு செடி ஓய்ந்து அடுத்தது காய்க்கும்வரை இடைவெளி விழும். ஆகவே அதில் 60 சதவீதம், அதாவது 840 ரூபாய் மிச்சமானாலே நல்ல தோட்டக்காரர் என்று உங்களைச் சொல்லலாம். விதை, நாற்று, சாணம், வேப்பம்புண்ணாக்கு, தென்னை நார்க்கழிவு, மோட்டார் கரண்ட் என்று மாதம் 240 ரூபாயாவது கழியும். கையில் நிற்பது 600 ரூபாய். வருடத்துக்கு 7,200.

இப்போது கடனைப் பாருங்கள். ஒரு லட்சம் நகைக்கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் வருடம் 10,000 ரூபாய். செடி தருவது 7,200, வட்டி கேட்பது 10,000. அசலைத் திருப்புவதற்கு முன்னாலேயே வருடம் 2,800 ரூபாய் கையை விட்டுப் போகிறது. வட்டியே இல்லாத பணமாக இருந்தால்கூட 1,40,000 ரூபாய் திரும்பிவர 19 வருடத்துக்கு மேல் ஆகும். கூரையில் போடும் யுவி (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும்) பாலித்தீன் ஷீட் பொதுவாக மூன்று, நான்கு வருடம்தான் தாங்கும். எத்தனை முறை ஷீட் மாற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மானியத்தைப் பற்றி அவர்கள் சொன்னது பாதி உண்மை. தேசிய தோட்டக்கலை இயக்கத்தில் பசுமைக்குடிலுக்கும் நிழல்வலைக் குடிலுக்கும் 50 சதவீத மானியம் உண்டுதான். ஆனால் அது உங்கள் பில்லில் பாதி இல்லை, அரசு ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகையில் பாதி. 2014 வழிகாட்டுதலின்படி இயற்கைக் காற்றோட்டமுள்ள பைப் குடிலுக்குச் சதுர மீட்டருக்கு 1,060 ரூபாய். உங்கள் 300 சதுர அடி ஏறத்தாழ 28 சதுர மீட்டர். அந்தக் கணக்கில் மொத்தம் 29,680, அதில் பாதி 14,840 ரூபாய். விகிதம் பிறகு திருத்தப்பட்டிருக்கிறது, ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். 70,000 ரூபாய் வரும் என்று நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து. தவிர, அந்தத் திட்டம் சிட்டா, அடங்கலோடு வரும் விவசாயிகளின் வணிகச் சாகுபடிக்காக வந்தது. முன் அனுமதி வாங்கிய பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். எதற்கும் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது மாடித்தோட்டத் தளை (கிட்) மானிய விலையில் வந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். செடிப்பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்தே வரும். உங்கள் தேவைக்கு அதுதான் பொருத்தமான மானியம்.

அப்புறம், பணக் கணக்கைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று இருக்கிறது. சுற்றிலும் மூடிய பாலித்தீன் குடில் உங்கள் ஊர்த் தட்பவெப்பத்துக்குச் சரிவராது. ஓசூரில் குடிலுக்குள் குடைமிளகாயும் ரோஜாவும் பிரமாதமாக வருகின்றன. அங்கே ராத்திரி குளிரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கோடையில் ராத்திரியே 25 டிகிரியை ஒட்டி நிற்கும், கூடவே கடல் ஈரம். பகலில் மூடிய ஷீட்டுக்குள் வெக்கை இன்னும் ஏறும். தக்காளி பூ விடும், விட்ட பூ உதிரும். பூச்சி உள்ளே வரக்கூடாது என்று நான்கு பக்கமும் வலை அடித்தால் தேனீயும் வராது. தக்காளி, மிளகாய், கத்தரி, பயறு தாமே சமாளித்துக்கொள்ளும். பாகல், புடல், பீர்க்கு அப்படியில்லை. பாகலுக்குப் பொழுது விடிந்ததும், மாலையில் பூக்கும் புடலுக்கும் பீர்க்குக்கும் பொழுது சாயும்போதும் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, அடியில் விரல்நுனி அளவு பிஞ்சு தெரியும் பெண் பூவின் நடுவில் நீங்களே தொட்டுவிட வேண்டும், தினமும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் இதையும் செய்ய முடியுமா என்று யோசியுங்கள்.

உங்கள் பிரச்சினை குளிர் இல்லை, மழை. இடவப்பாதியில், அதாவது ஜூன் தொடக்கத்தில் தொடங்கி ஆடிச் சாரல் வரை ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. அதற்குத் தேவை மேலே கூரை, பக்கங்களில் திறந்த வெளி. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழைமறை என்று வீட்டுக்கு வீடு போடுகிறார்களே, அதுதான். 10 அடிக்கு 15 அடி போதும், முப்பது செடிப்பை வைக்கலாம். தூணுக்கு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), மேலே குறுக்குக்குக் கமுகு வாரி (பாக்கு மரச் சட்டம்) என்று போட்டால் வெல்டிங் கூலியோடு 9,000 ரூபாய்க்குள் முடிக்கப் பாருங்கள். ஷீட்டுக்கு 2,000, பை, நார்க்கழிவு, நாற்றுக்கு 4,000. ஷீட் வாங்கும்போது 200 மைக்ரான் தடிமன், யுவி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சாதாரணப் பாலித்தீன் ஒரு கோடையிலேயே பொடிந்துவிடும். கமுகில் ஷீட் உரசும் இடங்களில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிவிட்டால் ஷீட் கிழியாது. கோடையில் ஷீட்டுக்குக் கீழே 50 சதவீத நிழல்வலையைக் கட்டிக்கொள்ளலாம். பக்கத்து விளையில் ரப்பர் நின்றால் அதன் நிழல் விழாத இடமாகப் பாருங்கள். செடிக்குத் தினம் ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும்.

தூணை இரண்டடி ஆழத்தில் கான்கிரீட்டில் நடச் சொல்லுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் உங்கள் மாவட்டத்து ரப்பரையும் வாழையையும் என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஷீட்டை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் அரை மணி நேரத்தில் அவிழ்த்துச் சுருட்டிவிடலாம். ஷீட் போனால் 2,000, தூணும் சேர்ந்து சாய்ந்தால் மொத்தமும் போய்விடும்.

பணம் வீணாகும் இன்னொரு வழி வாடல் நோய். மழையில் அழுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் மழையால்தானா என்று பார்த்துவிடுங்கள். பச்சையாக நின்ற கத்தரியோ தக்காளியோ திடீரென்று தொங்கிப்போனால், அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நட்டுப் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து வெள்ளையாகப் புகைபோல் இறங்கினால் அது பாக்டீரியா வாடல். உங்கள் ஊர்ப் புளிப்பான செம்மண்ணில் இது அதிகம். கூரை போட்டாலும் அந்த மண்ணில் தக்காளி, கத்தரி நிற்காது. அந்த மண்ணைப் பையில் நிரப்பாதீர்கள். சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று இந்த நோயைத் தாங்கும். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

இந்தச் சின்ன மழைமறையில் செலவு போக மாதம் 400 ரூபாய் நிற்கும் என்று வைத்தால், போட்ட 15,000 மூன்று வருடத்துக்குச் சற்று மேல் திரும்பிவிடும். அதை முதலீடு என்று நான் சொல்ல மாட்டேன். மருந்தடிக்காத கீரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நீங்கள் செய்யும் செலவு, அந்தச் செலவு தன்னைத்தானே அடைத்துக்கொள்கிறது. அந்த வகையில் எனக்கு முழுச் சம்மதம்.

ஆனால் 15,000 ரூபாயையும் அந்த 40,000 ரூபாயிலிருந்து எடுக்காதீர்கள். வெளிநாட்டுச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டில் கையிருப்பு 40,000 என்பது ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாகத் தாங்கும், அவ்வளவுதான். விசா புதுப்பிப்பில் தாமதம், நிறுவனம் சம்பளத்தை இரண்டு மாதம் நிறுத்துவது, மாமியாருக்கு ஓர் ஆஸ்பத்திரிச் செலவு, எதுவும் நடக்கலாம். அப்போது உதவ வேண்டியதுதான் நகை. இப்போதே அது அடகில் இருந்தால் பிறகு யாரிடம் போவீர்கள்? குறைந்தது நான்கு மாதச் செலவு, 1,40,000 ரூபாய், கையிருப்பாகச் சேரட்டும். தற்செயலாக அது குடிலுக்குக் கேட்ட அதே தொகை. கணவர் பெயரில் என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வசிப்பவருக்கான வங்கிக் கணக்கு) இருந்தால் அங்கேயே மாதம் 3,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) தொடங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்த வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. ஒரு வருடத்துக்குக் குறையாமல் போடுவது அவசியம், அதற்குமுன் எடுத்தால் என்ஆர்இ கணக்கில் வட்டியே வராது.

மழைமறைக்குத் தனியாக மாதம் 2,500 ரூபாய் ஆறு மாதம் எடுத்து வையுங்கள். பணம் சேரும்வரை மழை படாத வராந்தா ஓரத்திலோ சன்ஷேடு அடியிலோ ஆறு பைகளில் மிளகாயும் கீரையும் வைத்துப் பழகுங்கள். ஆறு பையைத் தினமும் பார்க்க நேரம் இல்லை என்று தெரிந்துவிட்டால் மீதிப் பணத்தைச் செலவழிக்கவே வேண்டாம்.

மிஞ்சியதை விற்பது பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வெண்டை காய்த்துத் தள்ளும்போது ஊரில் எல்லார் வீட்டிலும் காய்க்கும், விலை இருக்காது. விலை கிடைப்பது மழை மாதங்களில். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். கூரைக்குள் கீரை விதைத்தால் முப்பது நாளில் பறிக்கலாம், மழைக்காலத்தில் வெளியே கீரை அழுகும்போது அக்கம்பக்கத்து வீடுகளே வாங்கிக்கொள்ளும். புதினா, மிளகாய்க்கும் அப்படித்தான். அந்த வருமானத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வந்தால் அடுத்த ஷீட்டுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக அந்த 5,000 ரூபாய் அட்வான்ஸ். அது போய்விடுமே என்பதற்காக மீதி 1,35,000 ரூபாயைக் கொடுக்க வேண்டாம். வேலை தொடங்கவில்லை, பொருள் இறக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். எஸ்டிமேட், பணம் அனுப்பிய ரசீது, மானியம் பற்றி அவர்கள் எழுதி அனுப்பியது எதுவும் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். இரண்டு வாரம் பொறுத்தும் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம், அழைப்புக்குக் கட்டணம் இல்லை.