அண்ணனுக்குத் தாய் யார்?

கேள்வி: பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். மஞ்சக்குப்பத்து வீட்டைச் செட்டில்மென்ட் எழுதி வாங்கிக்கொண்ட அண்ணன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் இரவு அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, அண்ணனை நினைத்து, பகைவனைச் சபிக்கும் 109-ஆம் சங்கீதத்தை உரக்க வாசிக்கிறேன். பாதியிலேயே அம்மா சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிவிடுகிறார். இப்படி ஜெபிப்பது பாவமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உங்கள் அம்மா தூங்கவில்லை, சகோதரி.

14-ஆம் வசனத்தை இன்று நிறுத்தி வாசியுங்கள். அவன் தாயின் பாவம் நீங்காமலிருக்கட்டும் என்கிறது. உங்கள் அண்ணனுக்குத் தாய் யார்? எழுந்து போகவும் முடியாத அந்த அம்மாளின் காதில் இரவுதோறும் இதை ஓதுகிறீர்கள். 10-ஆம் வசனத்தில் பிச்சையெடுத்து அலையும் பிள்ளைகள் அவருக்குப் பேரப்பிள்ளைகள். உங்களை அத்தை என்று அழைக்கிறவர்கள். வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்துப் புரட்டிப் படுக்கவைக்கிற கை, இந்தக் கொடுமையையும் செய்யலாமா?

கோபத்தை நான் குறை சொல்லவில்லை. 1960-களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற திருச்சபை மாநாட்டுக்குப் பின் திருத்திய திருப்புகழ்மாலை என்ற அன்றாட ஜெபப் புத்தகத்தில், கத்தோலிக்கர்கள் சாபம் மிகுந்த 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையும் முழுவதுமாக விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வஞ்சிக்கப்பட்டவன் கர்த்தரிடம் கொதிக்காமல் வேறு யாரிடம் கொதிப்பான்? 137-இல் பகைவரின் குழந்தைகளைக் கல்லில் மோதச் சொல்கிறவர்கள், எருசலேம் இடிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டுப் பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்கள். அவர்களும் அதைச் சொன்னது கடவுளிடம்தான்.

109-ஐ ஒரு வழக்காக வாசியுங்கள். 6-ஆம் வசனத்தில் பொல்லாதவனின் வலப்பக்கம் குற்றம் சாட்டுகிறவன் நிற்கிறான். 31-இல் ஏழையின் வலப்பக்கம் கர்த்தர் நிற்கிறார். தீர்ப்பை அவரிடம் விட்டுவிடத்தான் அந்தப் பாட்டு. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசியுங்கள், அழுங்கள். அம்மாவுக்கு 71-ஐ வாசியுங்கள். முதிர்வயதில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்று கேட்கிற சங்கீதம் அது.

பெற்றவளைக் கைவிட்ட மகனைச் சும்மா விடச் சொல்லவில்லை. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பராமரிப்பதாக நிபந்தனை இருந்து அதை அண்ணன் மீறியிருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்கீழ் அதை ரத்து செய்யச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். நிபந்தனை இல்லாவிட்டாலும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். ஆனால் அது அம்மாவின் மனு. மகன்மேல் மனு கொடுக்க அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால், அதற்கு மேல் பேச உங்களுக்கு உரிமையில்லை.