விசுவாசி ஏசாயாவை ஆராயலாமா?

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படிக்கிறேன். வேதாகமத்தில் ஏசாயா தீர்க்கதரிசியின் நூலை 40ஆம் அதிகாரம் முதல் வேறொருவர் எழுதினார் என்பதை ஆய்வேட்டில் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. "நீ விசுவாசி, நடுநிலையாக ஆராய மாட்டாய்" என்கிறாள் சைவத் தோழி. தலைப்பை மாற்றிவிடவா?
— இறுதியாண்டு மாணவி, மானிப்பாய்

பதில்: மாற்றாதீர்கள், தங்கையே. தோழி சொல்வது பாதி உண்மை. விசுவாசம் கண்ணை மறைக்கும், மற்றவையும் மறைக்கும். நம் ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். விசுவாசியாகாமலே வரிவரியாகப் படித்து, பிறகு அதே வேதாகமத்தை வைத்து மிஷனரிமாரை மடக்கினார். நுட்பமான வாசிப்புத்தான்; ஆனால் அதை நடுநிலை என்று சைவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள்.

இனி உங்கள் சிக்கல். ஏசாயா கி.மு. எட்டாம் நூற்றாண்டவர். பாபிலோனைப் பாரசீக அரசன் கோரேசு பிடித்தது கி.மு. 539இல். அவன் பெயர் 44:28இலும் 45:1இலும் வருகிறது. "தீர்க்கதரிசனத்தை நம்பாதவர்களே இதைப் பிற்காலத்தது என்கிறார்கள்" என்று சபையில் கேட்டிருப்பீர்கள். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் வலுவான வாதம் அதுவன்று. 40ஆம் அதிகாரம் "ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று தொடங்குகிறது. யாரை? அடுத்து வரும் அதிகாரங்களில் எருசலேம் ஏற்கெனவே பாழாய்க் கிடக்கிறது; ஜனங்கள் பாபிலோனில் சிறைப்பட்டு இருக்கிறார்கள். சிறையிருப்பு வரும் என்ற எச்சரிக்கை அங்கே இல்லை. அதிலிருந்து புறப்படச் சொல்லும் அழைப்பு இருக்கிறது. இதற்கு விடை சொல்லாமல் "மனம் வரவில்லை" என்று எழுதினால் அது சாட்சி, ஆய்வு ஆகாது.

உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி. கந்தபுராணத்தில், அதைப் பாடிய கச்சியப்பருக்கு இருநூறு ஆண்டு பிந்திய அரசன் ஒருவன் பெயரோடு வந்தால் என்ன சொல்வீர்கள்? இடைச்செருகல் என்று உடனே சொல்லிவிடுவீர்கள், இல்லையா? அந்த அளவுகோலை ஏசாயாவிடம் மட்டும் எந்த இடத்தில் கீழே வைக்கிறீர்கள் என்று பாருங்கள். தோழிக்கும் இதே கேள்வியைக் கொடுங்கள். கந்தபுராணம் என்றதும் அவர் முகம் மாறுகிறதா என்று நானும் அறிய விரும்புகிறேன்!

ஒருவரே எழுதினார் என்பதுதான் உங்கள் முடிவானால், அதற்கும் நூலுக்குள்ளேயே சான்று தேடுங்கள். "இஸ்ரவேலின் பரிசுத்தர்" என்ற தொடர் வேதாகமத்தின் மற்றப் பகுதிகளில் அரிது. ஏசாயாவின் இரு பகுதிகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே பள்ளியைச் சேர்ந்த சீடர்கள் அதைத் தொடர்ந்து வழங்கினார்கள் என்று மறுதரப்பார் சொல்வார்கள். அதையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிட்டு அவரோடு வாதாடுங்கள்.