டாம் ஹாலண்டின் முதல் மேடை நாடகம் நிஜமாகவே அவ்வளவு பாராட்டப்பட்டதா?

கேள்வி: ஸ்பைடர்மேன் டாம் ஹாலண்ட் சின்ன வயதில் லண்டனில் மேடை நாடகத்தில் நடித்தவராமே? அப்போதே பெயர் வாங்கினாரா, இல்லை பிரபலமான பிறகு ரசிகர்கள் ஊதிப் பெருக்கியதா?

ஊதிப் பெருக்கியது இல்லை. ஸ்பைடர்மேன் உடை அவர் கைக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, லண்டன் நாடக ரசிகர்களுக்கு அவர் நன்றாகத் தெரிந்த பையன். நாடகத்தின் பெயர் ‘பில்லி எலியட்’. நடந்த இடம் விக்டோரியா ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் விக்டோரியா பேலஸ் தியேட்டர்.

அந்தச் சமயத்தில் நான் லண்டனில் வேலையில் இருந்தேன், நாடகத்தையும் பார்த்தேன். ஆனால் நான் போன இரவில் பில்லியாக வந்தது வேறொரு பையன். டாமை மேடையில் நேரில் பார்த்ததாகப் பொய் சொல்ல மாட்டேன். அந்த வேஷம் ஒரு குழந்தையிடம் என்னென்ன கேட்கிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கதை 1984-85இல், இங்கிலாந்தின் வடகிழக்கே டரம் பகுதியில் நடக்கிறது. மார்கரெட் தாட்சர் அரசை எதிர்த்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருக்கிறார்கள். ஒரு தொழிலாளியின் மகன் குத்துச்சண்டை பழகப் போன இடத்தில் பாலே நடன வகுப்புக்குள் நுழைந்துவிடுகிறான். 2000இல் படமாக வந்து, 2005இல் மேடைக்கு ஏறியது. எழுதியவர் லீ ஹால், இயக்கியவர் ஸ்டீபன் டால்ட்ரி, மேடைக்கு இசை எல்டன் ஜான்.

ஏறக்குறைய மூன்று மணி நேர நாடகம். பில்லி மேடையை விட்டு இறங்குவதே அபூர்வம். பாலே, டாப் (அடியில் உலோகத் தகடு வைத்த ஷூவால் தரையில் தாளம் தட்டி ஆடும் நடனம்), குட்டிக்கரணம், பாட்டு, அதோடு அந்த வட்டாரத்துப் பேச்சு, இத்தனையும் ஒரே பையன். இடைவேளைக்கு முன் ஒரு கோப நடனம் வரும். நடனமே கூடாது என்று அப்பா சொல்லிவிடுகிறார். பையன் டாப் ஷூவோடு தரையை மிதிமிதி என்று மிதித்து, கேடயம் பிடித்து நிற்கும் போலீஸ் வரிசை மேல் போய் மோதுகிறான். மூச்சு வாங்குவது பின்வரிசை வரை கேட்டது. எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் இடைவேளை விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

ஒரே பையன் வாரம் முழுக்க இதை ஆட முடியாது. பிரிட்டனில் பள்ளி வயதுப் பிள்ளைகள் மேடை ஏற உள்ளூராட்சியின் உரிமம் வேண்டும், வேலை நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அதனால் எப்போதும் சில பில்லிகள் முறைபோட்டு ஆடுவார்கள். இந்த வேஷத்துக்கு விருதுக்காரர்கள் கொடுத்த மதிப்பைப் பாருங்கள்: 2006இல் லண்டனின் ஒலிவியர் விருதை, இசை நாடகத்தின் சிறந்த நடிகருக்கு உரியதை, முதல் மூன்று பில்லிகளுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2009இல் நியூயார்க்கில் டோனி விருதும் அப்படியே மூன்று பையன்களுக்குப் போனது. சின்னப் பிள்ளை என்று தட்டிக்கொடுத்த விருதுகள் இல்லை, வளர்ந்த நடிகர்களோடு போட்டியிட்டு வாங்கியவை.

இனி டாம் விஷயம். தெற்கு லண்டன் பக்கத்துப் பையன், விம்பிள்டனில் ஹிப்ஹாப் நடன வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவன். 2006இல் ரிச்மண்ட் நடன விழாவில் அவன் ஆடியதை லின் பேஜ் பார்த்தார். பில்லி எலியட்டின் நடன அமைப்பாளர் பீட்டர் டார்லிங்கோடு வேலை செய்தவர் அவர். பையனுக்குப் பாலே தெரியாது. எட்டு ஆடிஷன், இரண்டு வருடப் பயிற்சி என்று போயிற்று. அந்த இரண்டு வருடம்தான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகப் படுகிறது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் இறுக்கமான பாலே உடையில் பயிற்சி செய்வான், ஜன்னல் வழியாகப் பையன்கள் எட்டிப் பார்ப்பார்கள். கேலி செய்தார்கள், வம்புக்கு இழுத்தார்கள். பின்னாளில் பேட்டிகளில் அவரே சொன்னதுதான் இது. நாடகக் கதையும் பையனின் கதையும் ஒன்றாகிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

என் அக்கா மகன் சென்னையில் பரதம் கற்கிறான். வகுப்பில் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று இங்கே எழுத மனம் வரவில்லை. ஆனால் அவன் வகுப்பை விடவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

டாமின் முதல் வேஷம் பில்லி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2008 ஜூன் 28 அன்று அவர் ஏறியது மைக்கேலாக, அதாவது பில்லியின் நண்பனாக. பன்னிரண்டு வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மைக்கேல் பெண்கள் உடையைப் போட்டுப் பார்ப்பதில் சந்தோஷப்படுகிற பையன். பில்லியோடு சேர்ந்து டாப் ஆடிக்கொண்டே ஒரு பாட்டு உண்டு, அரங்கமே சிரிக்கும். அந்தச் சிரிப்பு பாத்திரத்தின் மேல் ஏளனமாகத் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது பெரியவர்களுக்கே கஷ்டம். அவர் நன்றாகச் செய்தார் என்பதற்குச் சான்று, செப்டம்பர் 8ஆம் தேதியே அவர் பில்லியாக மேடை ஏறியது. அப்புறம் 2010 மே 29 வரை அவர் பில்லிதான். 2010 மார்ச்சில் நாடகத்தின் ஐந்தாம் ஆண்டையொட்டி அப்போதைய பில்லிகள் நால்வரைப் பிரதமர் கார்டன் பிரவுன் டவுனிங் தெருவுக்கு அழைத்திருந்தார், அதில் டாமும் ஒருவர். அந்த மாதம் 31ஆம் தேதி நடந்த சிறப்புக் காட்சியில் பில்லியாக ஆட வைத்ததும் அவரைத்தான். பார்த்துவிட்டு எல்டன் ஜான் அசந்துபோய்ப் பாராட்டினார். தன் பாட்டை அதற்குள் எத்தனையோ பையன்கள் பாடிக் கேட்ட மனிதர் அவர்.

ரசிகர்களைப் பற்றிக் கேட்டீர்கள். இரண்டாம் பாதியில், ராயல் பாலே பள்ளித் தேர்வில், ஆடும்போது உனக்கு என்ன தோன்றுகிறது என்று பில்லியிடம் கேட்பார்கள். அவன் பாட ஆரம்பித்து, சொல் போதாமல் ஆடிவிடுவான். இந்த நடனத்தை அந்தந்தப் பையனுக்கு எது கைவருமோ அதற்கேற்ப மாற்றி அமைத்திருந்தார்கள். ஒருவன் குட்டிக்கரணத்தில் கெட்டி, ஒருவன் சுழற்சியில். அதனாலேயே அதே நாடகத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தவர்கள் உண்டு. காட்சி முடிந்து பக்கவாசலில் நின்றபோது ஒரு வயதான ஆங்கிலேய அம்மாளிடம் பேசினேன். கையில் சின்ன நோட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பில்லியின் கையெழுத்து, கீழே பென்சிலில் அவன் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. எந்தப் பையனையும் மற்றவனோடு ஒப்பிட்டு மட்டம் தட்டி அவர் எழுதவில்லை. கதவு திறந்து பையன் வந்ததும் கூச்சல் இல்லை, கைதட்டல்தான். அவனோடு வந்த பாதுகாவலர் நேரமாகிறது என்று சொன்னதும் எல்லோரும் வழிவிட்டார்கள். குழந்தை நடிகரிடம் ரசிகர்கள் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பில்லிகளுக்கு ஆயுள் குறைவு என்பதும் அந்த ரசிகர்களுக்குத் தெரியும். உயரம் கூடினாலோ மகரக்கட்டு வந்தாலோ வேஷம் போய்விடும். நம் ஊரில் அந்தக் கால பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் நடந்ததும் இதேதான், பெண் வேஷமும் பாட்டுமாகக் கொடிகட்டிப் பறந்த பையன்கள் குரல் உடைந்ததும் மூலைக்குப் போனார்கள். டாம் விலகியபோது பதினான்கு நிறையச் சில நாட்களே இருந்தன. அவருக்கு அடுத்த கதவு சீக்கிரமே திறந்தது, 2012இல் சுனாமி பற்றிய ‘தி இம்பாசிபிள்’ படம். ஸ்பைடர்மேன் தேர்வுக்கு அனுப்பிய வீடியோவில் பல்டி அடித்துக்கொண்டே காட்சிக்குள் வந்தார் என்றால், அந்தப் பல்டி எங்கே கற்றது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

2024இல் லண்டன் மேடைக்குத் திரும்பினார், ஜேமி லாயிட் இயக்கிய ரோமியோ ஜூலியட்டில். டிக்கெட் சில மணி நேரத்தில் தீர்ந்தது, வாசலில் தடுப்பு வைக்கும் அளவுக்குக் கூட்டம். அதே ஆரவாரத்தின் ஓரத்தில், ஜூலியட்டாக நடித்த ஃபிரான்செஸ்கா அமேவுதா-ரிவர்ஸ் மீது இணையத்தில் நிறவெறி வசவு கொட்டினார்கள். அவர் கறுப்பினப் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. நூற்றுக்கணக்கான கலைஞர்கள் அவருக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டார்கள். அந்த நோட்டுக்கார அம்மாளும் ரசிகர், இவர்களும் ரசிகர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

‘பில்லி எலியட்’ லண்டனில் 2016இல் நின்றுவிட்டது. ஆனால் 2014இல் அரங்கிலிருந்தே படம்பிடித்த முழுப் பதிவு இருக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். அதில் பில்லியாக நடித்தது எலியட் ஹன்னா என்ற பையன். வளர்ந்த பில்லியாக வருபவர் லியம் மோவர், 2005இன் முதல் மூன்று பில்லிகளில் ஒருவர். டாம் ஆடிய துண்டுகள் யூடியூபில் கிடைக்கும், தரம் சுமார்தான், இருந்தாலும் பாருங்கள். அக்கா மகனுக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது டாப்பும் கற்க வேண்டும் என்கிறான். சென்னையில் பையன்களுக்கு டாப் நன்றாகச் சொல்லித்தருபவர் யாராவது தெரிந்தால் கருத்தில் எழுதுங்கள்.