மூன்றாம் சாஸ்திரிக்கு என்ன வசனம்?

சிஸ்டர், ஞாயிறு பள்ளி கிறிஸ்துமஸ் நாடகத்தில், பாலகன் இயேசுவைப் பார்க்க காணிக்கைகளோடு வரும் சாஸ்திரிகளில் (ஞானிகளில்) வெள்ளைப்போளம் கொண்டுவருகிறவர் என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். பொன் ராஜாவுக்கு, தூபவர்க்கம் தேவனுக்கு. இது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். வெள்ளைப்போளத்துக்குத்தான் நேரம் கொடுங்கள். அது கசப்பான மரப்பிசின். சிலுவையில் இயேசுவுக்குக் கொடுத்த திராட்சரசத்தில் அதைக் கலந்திருந்தார்கள். அவர் வாங்கவில்லை (மாற்கு 15:23). அப்புறம் அடக்கத்துக்கு நிக்கொதேமு வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய 100 இராத்தல் கொண்டுவந்தார் (யோவான் 19:39). மத்தேயு காணிக்கைகளுக்கு விளக்கம் எழுதவில்லை, சாஸ்திரிகள் மூன்று பேர் என்றும் சொல்லவில்லை. ஆனால் 2ஆம் நூற்றாண்டிலேயே சபைப் போதகர் ஐரேனியு, பொன் ராஜாவுக்கு, தூபவர்க்கம் தேவனுக்கு, வெள்ளைப்போளம் மரிக்கப்போகிறவருக்கு என்றுதான் வாசித்தார். எனவே தயங்காமல், “நமக்காக மரிக்கப்போகும் பாலகனுக்கு இது” என்று எழுதுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் வெள்ளைப்போளம் கேட்டுப் பாருங்கள். ஒத்திகையில் பிள்ளைகள் முகர்ந்து பார்க்கட்டும்.