முதலில் படம், பிறகு பேட்டி

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம் ஒரு சிற்றூர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தக் கோடையில் எட்டு உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு எடுக்கிறோம். ஆறு வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம். ஊரிலுள்ள லத்தீனோ குடும்பங்களின், பெரும்பாலும் மெக்சிகக் குடும்பங்களின், வரலாற்றைத் தொகுப்பதுதான் வேலை. பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த வீடுகளின் பேரன் பேத்திகள். முப்பது பேட்டிகள் எடுக்க நினைக்கிறோம். எதில் கவனமாக இருக்கவேண்டும்?

மா.

அன்புள்ள மா.,

முப்பது வேண்டாம், பத்து போதும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். தலைக்கு ஒன்றரை மணி என்று வைத்தாலும் முப்பது பேட்டிக்கு 270 முதல் 360 மணி நேரம். உங்களிடம் இருப்பதே மொத்தம் 720. ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து பேசும் வீடுகளில், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளையும் நம்ப முடியாது. மொழி மாறும் இடத்திலும் ஆட்பெயர், ஊர்ப்பெயர்களிலும்தான் அது தடுமாறும். நமக்கு வேண்டியதோ அந்தப் பெயர்கள்தான்.

முதல் இரண்டு வாரம் புகைப்படம் மட்டும். ஸ்கேன் நுணுக்கம் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் கோப்பு; பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200. பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பசைத்தாள் ஆல்பத்திலிருந்து படத்தை உரித்தால் கிழியும். பக்கத்தை அப்படியே வையுங்கள். படத்தின் மேல் பேனா படவே கூடாது. அசலை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேட்டிக்கான கேள்விகள் இந்தப் படங்களிலிருந்தே வரும். "உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். "இந்த லாரி யாருடையது, எந்தத் தோட்டத்துக்குப் போகிறது?" என்று கேட்டால் மேஸ்திரி பெயர் முதல் கூலி வரை வரும். சொந்தப் பாட்டியைப் பேத்தி பேட்டி எடுக்கவேண்டாம். "அதுதான் உனக்குத் தெரியுமே" என்று பாதியைத் தாண்டிப் போய்விடுவார். வேறொரு பிள்ளை கேட்கட்டும்.

ஒலிப்பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஃப்ரிட்ஜ் இரைச்சல் பதிவில் ஏறும். அணைத்துவிட்டுக் கார் சாவியை அதற்குள் வையுங்கள். கிளம்பும்போது மறக்காமல் போட்டுவிடுவீர்கள். ஜூலை மாத ஃபிரெஸ்னோவில் ஏசியை அணைத்து முதியவரை உட்காரவைப்பது பாவம். காலையிலேயே போய்விடுங்கள்.

ஆவணங்களில் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் 1930-இல் மட்டும் இனம் என்ற கட்டத்தில் 'மெக்சிகர்' என்று ஒரு வகை இருந்தது. 1940-இல் அதே குடும்பம் 'வெள்ளையர்' ஆகிவிடும். இதைப் பார்த்து வேறு குடும்பம் என்று முடிவுகட்டக்கூடாது. பெயர் காணவே இல்லையென்றால் 1930-களில் மெக்சிகோவுக்கு அனுப்பப்பட்டவர்களாகவும் இருக்கலாம், தந்தைவழி, தாய்வழி என இரண்டு பெயர் வைத்துக்கொள்ளும் அவர்களுக்கு எழுத்தர் தாய்வழிப் பெயரைக் குடும்பப்பெயராக எழுதியிருக்கவும் கூடும். இரண்டு பெயரிலும் தேடவேண்டும். மெக்சிகத் தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் அமெரிக்காவுக்கு வரவழைக்க 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ திட்டத்தில் 46 லட்சம் என்பது ஒப்பந்தங்களின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே ஆள் பலமுறை வந்திருக்கிறார்.

குடியேற்ற ஆவணம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவே கூடாது. பேச்சில் தானாக வந்தால் பதிவை நிறுத்துங்கள். "ரகசியமாக வைத்திருப்போம்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். வட அயர்லாந்து மோதலில் பங்கெடுத்தவர்களிடம் எடுத்து பாஸ்டன் கல்லூரி வைத்திருந்த பேட்டிகளைக் கேட்டு 2011-இல் சட்டப்படி ஆணை வந்தபோது, பேசியவர்களுக்குக் கொடுத்த உறுதி நிற்கவில்லை. பதிவாகாததை யாரும் கேட்டு வாங்க முடியாது.

சம்மதப் படிவம் இரண்டு மொழியிலும் இருக்கட்டும். பேட்டி முடிந்தபின் கையெழுத்து வாங்குங்கள். என்ன பேசினோம் என்று அப்போதுதான் அவருக்கே தெரியும். பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்றால் அவர்கள் பங்குக்குப் பெற்றோர் கையெழுத்தும் தேவை. ஸ்கேன் செய்த படங்களை அந்த வாரமே பென் டிரைவில் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். அடுத்த ஆல்பம் அதற்குப் பிறகுதான் அலமாரியிலிருந்து வெளியே வரும்.