கடைத்தேங்காயும் பிரஸ்ஸல்ஸ் கிடங்கும்

கேள்வி: முடக்கி வைத்த ரஷ்யப் பணத்தை எடுத்து உக்ரைனுக்குக் கொடுக்க அமெரிக்கா சட்டமே போட்டுவிட்டதாமே! கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதைதானே இது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: பழமொழி சரிதான். ஆனால் இந்தக் கதையில் பிள்ளையார் கோயிலை இடித்ததே அந்தக் கடைக்காரர்தான். உக்ரைனைத் திரும்பக் கட்டியெழுப்பப் பத்து ஆண்டுகளில் 52,400 கோடி டாலர் வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உலக வங்கி உள்ளிட்டோர் கணக்குப் போட்டார்கள். இடித்தவர் தராமல் வேறு யார் தருவது? ரஷ்யா நஷ்டஈடு தர வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையே 2022 நவம்பரில் தீர்மானம் போட்டது. ஆதரவு 94, எதிர்ப்பு 14. ஓட்டுப் போடாமல் ஒதுங்கிய 73 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதனால் உடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உடைக்கப் போவதாகச் சொல்பவர் கையில் எத்தனை தேங்காய் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

நீங்கள் சொல்லும் சட்டத்தில் அப்போதைய அதிபர் பைடன் 2024 ஏப்ரல் 24 அன்று கையெழுத்திட்டார். உக்ரைன், இஸ்ரேல், தைவான் உதவிப் பணத்தோடு ஒரே மூட்டையாகக் கட்டி நிறைவேற்றியது. (டிக்டாக்கை விற்றுவிடு என்ற சட்டமும் அதே மூட்டைக்குள்தான் இருந்தது!) அவர்கள் ஊர்ப் பழைய சட்டப்படி அதிபர் பிற நாட்டுப் பணத்தை முடக்கலாம், ஆனால் அமெரிக்காவே போரில் இறங்கியிருந்தால் அல்லது தாக்கப்பட்டிருந்தால்தான் பறிமுதல் செய்ய முடியும். 2003இல் இராக் அரசின் பணத்தைப் புஷ் எடுத்துக்கொண்டது அந்த வழியில்தான். ரஷ்யாவோடு அமெரிக்கா நேரடியாகப் போரில் இல்லை, அதனால் புதுச் சட்டம். அதுவும் 'எடுக்கலாம்' என்று அனுமதிக்கிறதே தவிர, 'எடுத்தே ஆக வேண்டும்' என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போட்ட பைடனே பதவியை விட்டுப் போகும்வரை அசலில் கை வைக்கவில்லை.

இப்போது தேங்காய்க் கணக்கு. மேற்கு நாடுகள் முடக்கிய ரஷ்ய மத்திய வங்கிப் பணம் சுமார் 30,000 கோடி டாலர். அதில் அமெரிக்காவில் இருப்பது ஏறக்குறைய 500 கோடிதான். பெரும்பகுதி பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரத்து யூரோகிளியர் என்ற நிறுவனத்தின் கிடங்கில் கிடக்கிறது. பங்கும் கடன்பத்திரமும் கைமாறும்போது கணக்கு வைத்துக்கொள்கிற இடம் அது. ஊரான் வீட்டு நெய்யே என்று வாஷிங்டன் சட்டம் போடலாம். நெய் சிந்தினால் துடைக்க வேண்டியது பெல்ஜியம்.

அங்கே நடந்த வேலை இன்னும் ருசியானது. ரஷ்யா வாங்கி வைத்திருந்த கடன்பத்திரங்கள் ஒவ்வொன்றாக முதிர்ந்தன. அந்தப் பணத்தை மாஸ்கோவுக்கு அனுப்பத் தடை. அப்படியே ரொக்கமாகக் குவிந்தது. சும்மா கிடக்கும் ரொக்கத்தை யூரோகிளியர் வட்டிக்குப் போட்டது. ஒப்பந்தப்படி அந்த வட்டி ரஷ்யாவைச் சேராது, யூரோகிளியரையே சேரும்! 2023இல் மட்டும் சுமார் 440 கோடி யூரோ. பெல்ஜிய அரசு அதில் வரியும் வாங்கிக்கொண்டது. அசலைத் தொட்டால்தானே திருட்டுப் பட்டம், வட்டி நமதுதானே என்று 2024 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்து, அந்த லாபத்தை உக்ரைனுக்குத் திருப்பியது. அப்புறம் அமெரிக்கா உள்ளிட்ட ஜி7 பணக்கார நாடுகள், வரப்போகும் வட்டியைக் காட்டி 5,000 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தன. வக்கீல் மூளை!

அசலுக்கு வந்ததும் குரல் தடுமாறியது. அதையே ஆதாரமாக வைத்து உக்ரைனுக்குக் கடன் தரலாம் என்ற யோசனை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2025 டிசம்பர் உச்சி மாநாட்டில் படுத்துவிட்டது. நாளைக்கு வழக்கு வந்து தோற்றால் அத்தனை பேரும் பங்கு போட்டுக் கட்டுவீர்களா என்று பெல்ஜியப் பிரதமர் பார்ட் டி வேவர் கேட்டார். அளவில்லாத ஜாமீன் கொடுக்க மற்றவர்கள் தயாராக இல்லை. ரஷ்ய மத்திய வங்கியோ அதற்குள் மாஸ்கோ நீதிமன்றத்தில் யூரோகிளியர்மீது 18 லட்சம் கோடி ரூபிளுக்கு மேல் வழக்குப் போட்டிருந்தது. கடைசியில் ஒன்றியம் தன் பெயரிலேயே 9,000 கோடி யூரோ கடன் வாங்கித் தர முடிவு செய்தது. ரஷ்யப் பணம் காலவரையின்றி முடங்கியே இருக்கும்.

பிற நாட்டு மத்திய வங்கிப் பணத்தைத் தொடக்கூடாது என்ற சர்வதேச மரபுக்கு மரியாதை என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள். அந்த மரியாதை ஆப்கானிஸ்தானுக்கு ஏன் கிடைக்கவில்லை? அவர்களுடைய மத்திய வங்கிப் பணம் 700 கோடி டாலர் நியூயார்க்கில் இருந்தது. 2022 பிப்ரவரியில் பைடன் ஒரே உத்தரவில் அதை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி, செப்டம்பர் 11 தாக்குதலில் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்குகளுக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தத் தாக்குதலைச் செய்தது ஆப்கான் மக்கள் இல்லை. நியூயார்க் நீதிபதியே 2023இல் அந்தப் பணத்தைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். காபூலிடம் அணுகுண்டும் இல்லை, எரிவாயுக் குழாயும் இல்லை. பிரித்துப் போட யாரும் ஜாமீன் கேட்கவில்லை.

மற்றப் பாதி ஆப்கான் மக்களுக்கு என்று சொல்லி, சுவிட்சர்லாந்தில் ஓர் அறக்கட்டளைக்குப் போனது. உக்ரைனுக்கு வட்டியாவது போய்ச் சேருகிறது. அங்கே 2024 முடியும்வரை வட்டி ஏறியதுதான் மிச்சம். ஆப்கான் மக்களுக்கு ஒரு டாலர்கூடப் போகவில்லை.